காரையார் இறக்கமும் ஒரு சின்ன ரப்பர் வால்வும்

அந்த 1972ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடரை எங்கள் பாளையங்கோட்டைப் பட்டறைக்கு ஓட்டி வந்தவர் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் சார்வாள். குலதெய்வம் காரையார் சொரிமுத்து அய்யனார். கும்பிட்டுவிட்டு ஐந்து பேரோடு பாபநாசத்துக்கு இறங்கும்போது பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டதாம். "கீழே வந்து அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தேன், தம்பி. பழையபடி பிடித்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அவர் பயந்தது சரிதான். இந்த வண்டியில் இருந்தது டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டை அழுத்திப் பிடிக்கும். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனரும் சூட்டில் பிடிப்பை இழக்கும். ஆறிவிட்டால் குறை இருந்த தடமே தெரியாது. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு, இரண்டு பக்கமும் பேட் அதைக் கவ்விப் பிடிக்கும். அது திறந்த காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் தடித்தாலும் பேட் இருக்கும் பக்கம்தான் தடிக்கும்.

பழைய வண்டியின் உறுப்புகளை மாற்றுவதில் எனக்கு விருப்பம் கிடையாது. ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற வண்டி இது. எங்கும் வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், வேண்டுமென்றால் டிரம்மையே திரும்பப் பூட்டிக்கொள்ளும் விதத்தில் செய்வது என்று முடிவெடுத்தோம். முன்பக்க டிஸ்க்கோடு வந்த பிற்கால அம்பாசடர் ஒன்றிலிருந்து ஹப், பேட்டை அழுத்தும் காலிப்பர் எல்லாம் செட்டாகக் கிடைத்தன. டிரம்மில், சுற்றும் டிரம்மே ஷூவை இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, கால்தான் அழுத்த வேண்டும். அதனால் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வைத்தோம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள மாஸ்டர் சிலிண்டரும் ஒன்று வாங்கிப் போட்டேன். கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

ஏர் எடுத்து, அதாவது பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றி முடித்து, முன்னீர்ப்பள்ளம் வரை ஓட்டிப் பார்த்தேன். போகும்போது பிரேக் அருமை. திரும்பும்போது வண்டி இழுவையாக இருந்தது, தீய்ந்த வாடை வந்தது. இறங்கி முன்சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்று ஆவியாகப் போனது. காலிப்பர் பிஸ்டன்தான் சிக்குகிறது என்று இரண்டையும் கழற்றி, சீல் மாற்றி, ஒரு முழு நாளைச் செலவழித்தேன். மறுபடியும் அதே இழுவை.

பக்கத்து லேத் அண்ணாச்சி வந்து பார்த்தார். காலிப்பரைத் தொடவே இல்லை. "இந்த மாஸ்டர் சிலிண்டர் எந்த வண்டியில் இருந்ததுப்பா?" என்று கேட்டார். நான்கு பக்கமும் டிரம் உள்ள வண்டியில் இருந்தது என்றேன். "வண்டியைத் தூக்கு" என்றார்.

ஜாக்கியில் ஏற்றி, பிரேக்கை ஒரு முறை மிதித்து விட்டேன். இரண்டு கையால் பலமாகத் தள்ளினால்தான் சக்கரம் நகர்ந்தது. காலிப்பரில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் சர்ரென்று பீச்சியது. சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது. நிப்பிளை மூடி மறுபடி மிதித்தோம், மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை மாஸ்டர் சிலிண்டரின் வாயில் பைப் நட்டைத் தளர்த்தினார். அப்போதும் சக்கரம் விட்டது. அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரைத் தாண்டித் திரும்ப முடியாமல் நிற்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

அந்த வாய்க்குள் இருந்த பித்தளை சீட்டை எடுத்தால், அதன் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ரப்பர் வால்வும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும். டிரம் வண்டிக்கு அது வேண்டும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைப் பைப்பில் நிறுத்தி, சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் வழியாகக் காற்று நுழையாமல் பார்த்துக்கொள்ளும். அங்கே ஷூவைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் பிஸ்டனை மயிரிழை அளவு பின்வாங்க வைப்பது, மிதிக்கும்போது முறுக்கிக்கொண்ட ரப்பர் சீல் நிமிர்வது மட்டும்தான். அந்த 10 பவுண்டை எதிர்க்க அதற்குத் தெம்பில்லை. பேட் உரசிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்கிற அளவுக்கும் போகலாம். முன்வழி வால்வை எடுத்துவிட்டோம். பின்பக்கம் இன்னும் டிரம்தான் என்பதால் அதன் வால்வை அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் சார்வாளையும் ஏற்றிக்கொண்டு காரையாரில் இருந்து இறங்கினேன். இரண்டாம் கியர். வளைவுக்கு வளைவு காலடியில் பெடலின் உயரத்தையே கவனித்துக்கொண்டு வந்தேன். பாபநாசம் வந்து சேரும்போதும் அது மேலே எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. சார்வாள் இறங்கி, குனிந்து, ஒவ்வொரு முன்சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார்.

"இரண்டு பக்கமும் ஒரே சூடு" என்றார். பிறகு, கல்லிடைக்குறிச்சி வரை நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.