பாரிஸுக்குப் பணம் அனுப்பிய பாடு

சிறிய காமிக்ஸ் பதிப்பகம் ஒன்றின் ஆசிரியனான என்னிடம், பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவிலும் சரி, இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பிலும் சரி, வாசகர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, அடுத்த புக்கு எப்போ வரும்?" மொழிபெயர்ப்பு முடியவில்லையா, சிவகாசியில் அச்சகத்தார் இழுத்தடிக்கிறார்களா என்று காரணத்தையும் அவர்களே ஊகித்துவிடுவார்கள். அறிவித்த பிரெஞ்சு ஆல்பம், அதாவது முழுநீளக் காமிக்ஸ் புத்தகம், மாதக்கணக்கில் தள்ளிப்போனதற்கு இவ்விரண்டும் காரணமல்ல. உரிமத்தொகையைப் பாரிஸுக்கு அனுப்புவதற்குள் வங்கியில் நான் பட்ட பாடுதான் காரணம்.

2024 நவம்பரில் பாரிஸ் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எல்லாம் மின்னஞ்சலிலேயே சுமுகமாக முடிந்தது. முன்பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அச்சுத்தரக் கோப்புகள் வரும் என்பது இத்தொழிலில் வழக்கமான நிபந்தனை. "இணையத்தில்தான் ஸ்கேன் கிடைக்கிறதே, அதை வைத்து வேலையைத் தொடங்கலாமே" என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: பேச்சுக் குமிழிகளிலுள்ள எழுத்து தனி அடுக்காகப் பிரிந்திருக்கும் கோப்பு இல்லாமல் தமிழை ஒழுங்காகப் பொருத்த முடியாது, உரிமையாளரின் கோப்பைத் தவிர வேறொன்றிலிருந்து அச்சிட ஒப்பந்தமும் இடம் தராது.

வங்கிக் கிளையில் என் விண்ணப்பத்தைப் புரட்டிய ஊழியர், "புத்தகத்துக்குப் பணம்னு போட்டிருக்கீங்க, சரக்கு எங்க சார் இறங்குது, தூத்துக்குடியா?" என்றார். சரக்கு எதுவும் இறங்காது, தமிழில் அச்சிடும் அனுமதிக்குத்தான் பணம் என்று விளக்கியும், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி இல்லாமல் கணினி ஏற்காது என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் அவர் தேர்ந்தெடுத்திருந்தது சரக்கு இறக்குமதிக்கான கட்டம். பதிப்புரிமை உரிமத்துக்கென்று ரிசர்வ் வங்கியின் பட்டியலில் எஸ்0902 என்ற தனிக் குறியீடு இருப்பதை நான் சொன்னபோது, "அதெல்லாம் மதுரையில பாத்துக்கிடுங்க" என்று கோப்பை மூடிவிட்டார். மதுரையில் எங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்குப் போனால், இந்தத் தாள்களை உங்கள் கிளையிலேயே ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கலாமே, எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அவர்கள் வியந்தார்கள்.

மதுரையில் குறியீடு உடனே சரியாயிற்று. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு வரிக் கணக்கு சரி என்று ஆடிட்டர் கையெழுத்திட்ட 15சிபி சான்று வேண்டும் என்ற புதிய தடை முளைத்தது. அப்போதைய விதிப்படி, வரிக்கு உட்பட்ட தொகை அந்த நிதியாண்டில் மொத்தம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் பணம் அனுப்புகிறவர் வருமான வரித்துறைக்குத் தரும் 15சிஏ படிவத்தின் 'அ' பகுதியை நாமே நிரப்பினால் போதும். எங்களைப் போன்ற பதிப்பகத்தின் தொகை அந்த வரம்புக்கு அருகில்கூடப் போகாது. வருமான வரி விதி 37பிபி-யை அச்செடுத்து, உரிய வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு, எழுத்துமூலம் பதில் கேட்டேன். வாய்ப்பேச்சுக்கு அசையாத மேசை அந்த ஒரு தாளுக்கு அசைந்தது. சில நாட்களில் "தேவையில்லை" என்ற பதில் வந்தது. வங்கியில் எதைக் கேட்டாலும் எழுதிக் கேளுங்கள்.

அதற்குள் ஜனவரி பிறந்துவிட்டது. அதுதான் ஆகப் பெரிய அடி. பிரான்ஸுடனான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி உரிமத்தொகையில் 10 சதவீதம் வரி பிடித்தால் போதும். ஆனால் அந்நாட்டு நிறுவனத்தின் வரி வசிப்பிடச் சான்றிதழும், அந்நிறுவனம் தன் விவரங்களை அறிவிக்கும் அப்போதைய 10எஃப் படிவமும் கையில் இல்லையென்றால் 2023 முதல் நம் நாட்டு விகிதமான 20 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்தாக வேண்டும். வரி போக முழுத்தொகையும் தங்களுக்கு வர வேண்டும் என்று வெளிநாட்டார் உரிம ஒப்பந்தத்தில் எழுதிவிடுவதால், அந்த வித்தியாசம் நம் தலையில்தான் விழும். அவர்கள் அனுப்பியிருந்த சான்றிதழ் 2024-க்கானது. அவர்களுடைய வரியாண்டு டிசம்பரோடு முடிகிறது. வங்கியின் அலைக்கழிப்பு இல்லாதிருந்தால் அந்தச் சான்றிதழே செல்லுபடியாகியிருக்கும். 2025-க்கான தாள் அங்கிருந்து வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே, அக்டோபருக்குப் பிறகு கையெழுத்திடுகிறவர்கள் ஒன்று டிசம்பருக்குள் பணத்தை அனுப்பிவிடுங்கள், அல்லது புத்தாண்டுச் சான்றிதழை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இடைவங்கிகளின் கட்டணத்தையும் நாமே ஏற்பதாகப் படிவத்தில் குறியுங்கள். இல்லையெனில் சில யூரோ குறைந்து போய்ச் சேரும், அந்தச் சில்லறை வரும்வரை கோப்புகள் வராது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவியை நாங்களும் போடலாமே என்கிறார்கள். அந்த ஆங்கிலக் காமிக்ஸ் கதையின் மூல உரிமை இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது, நினைத்தவரெல்லாம் அச்சிட முடியாது. விலை ஏன் ஏறியது என்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுக் காகிதத்துக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமாயிற்று, புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

அடுத்த ஆல்பத்துக்கு, நடப்பாண்டுச் சான்றிதழ் வந்தால்தான் கையெழுத்து என்று முன்பே சொல்லிவிட்டதால், அது ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வந்தது. கிளையில் மட்டும் பழைய ஊழியர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, பில் ஆஃப் என்ட்ரி எங்கே என்று கேட்டார்.