குறை இருப்பதாக வந்த கடிதம்: ஜெர்மனிக்குச் செவிலியராகப் புறப்பட்ட அனுபவம்

ஜெர்மனியிலிருந்து எனக்கு வந்த முதல் அரசுக் கடிதம், என் செவிலியர் படிப்பில் குறை இருப்பதாகச் சொன்னது. நான்கு ஆண்டுகள் பி.எஸ்சி. நர்சிங் படித்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் இரவும் பகலும் வேலை பார்த்த ஒருத்திக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தேன். 'டெஃபிசிட்பெஷைட்' என்று அதற்குப் பெயர். உங்கள் படிப்பு எங்கள் படிப்புக்கு எந்த அளவு ஈடாகிறது, எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைகிறது, அதை ஈடுகட்ட என்ன செய்ய வேண்டும் என்று அந்த நாட்டின் மாநில அதிகார அமைப்பு எழுதித் தரும் ஆவணம் அது. குறையைச் சொல்லும் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான், குறையை நிறைவு செய்ய அங்கே வருகிறேன் என்று விசா கேட்க முடியும்.

2021 ஆகஸ்டில் இந்த முயற்சியைத் தொடங்கியபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. மொழி படித்துவிட்டால் போதும், மீதியை முகவர் பார்த்துக்கொள்வார் என்றே நினைத்திருந்தேன். முதலில் சந்தித்த முகவர் மூன்றரை லட்சம் ரூபாயும், என் அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் கேட்டார். பணத்தைக்கூட அப்பா எங்காவது புரட்டியிருப்பார். அசலைக் கேட்டதுதான் உறுத்தியது. எங்கள் வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர், "அசலைக் கொடுத்துட்டு அவங்க பின்னாடி அலையாதே. அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கான்னு முதல்ல பாரு" என்றார். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அந்த முகவரின் பெயர் அதில் இல்லை. பதிவு பெற்ற முகவரேகூட வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்பது சட்டம். செவிலியர்களை வேலைக்கு எடுக்கும் ஜெர்மன் மருத்துவமனைகளில் பலவும் செலவைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன என்பது பிறகு தெரிந்தது. முகவர் இல்லாமலே போவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மொழி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பயமுறுத்திய அளவுக்கு அது இல்லை. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என ஒரு பால் உண்டு. நிலவு ஆண்பால், சூரியன் பெண்பால், சிறுமி என்ற சொல்லோ இரண்டும் அல்லாத மூன்றாவது பால். உயர்திணை, அஃறிணை என்று பொருளை வைத்துப் பிரித்துப் பழகிய நமக்கு இதில் எந்த நியாயமும் தெரியாது, மனப்பாடம்தான் வழி. ஆனால் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும் என்று ஆசிரியை சொன்னபோது, ஆங்கிலத்தை வைத்து யோசித்தவர்கள் தடுமாற, தமிழை வைத்து யோசித்தவர்கள் சுலபமாகப் பிடித்துக்கொண்டோம். 'எனக்கு உடம்பு சரியில்லாமல் இருப்பதால்' என்று நாம் முடிக்கிற இடத்தில்தான் அவர்களும் முடிக்கிறார்கள்.

என்னைப் படுத்தியது எண்கள். எண்பத்தைந்து என்பதை அவர்கள் 'ஐந்தும் எண்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். ஒருவர் இரத்த அழுத்தத்தை வாயால் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்ளும் பயிற்சியில் 85ஐ 58 என்று எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. மருந்தளவில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். இரண்டரை மில்லிகிராமை 2,5 என்று எழுதுவார்கள். மற்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கையாக இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். அதனால் ஆறு மாதம், பேருந்து எண்ணிலிருந்து கடைக்காரர் தரும் சில்லறை வரை கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் ஜெர்மனில் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன்.

2022 ஆகஸ்டில் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறினேன். செவிலியராகப் பணிபுரியும் முழு உரிமம் கிடைக்க அதற்கு அடுத்த பி2 நிலை வேண்டும் என்பதால், அதையும் இங்கேயே முடித்துவிட்டுப் போவது என்று இருந்தேன். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். டிசம்பரில் எழுதியதில் மூன்று பகுதிகளில் தேறி, எழுதுதலில் 52 வாங்கினேன். தோற்ற பகுதியை மட்டும் மறுபடி எழுதினால் போதும் என்ற விதி இருந்ததால், 2023 மார்ச்சில் மறுபடி சென்னைக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் எழுதித் தேறினேன்.

உண்மையான அலைச்சல் இதற்குப் பிறகுதான். நான் யார் என்பதில் தொடங்கியது அது. கல்லூரிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பாவின் பெயரான ஆரோக்கியசாமி என் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவுக்குள் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஜெர்மன் வகுப்பில் ஆசிரியை 'ஃபிராவ் ஆரோக்கியசாமி', அதாவது ஆரோக்கியசாமி அம்மையார், என்று முதல் நாள் கூப்பிட்டபோது, அப்பா வந்திருக்கிறாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தவள் நான். அது சிரிப்போடு போயிற்று. ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஆங்கில எழுத்து 'கே' மட்டும் இருக்க, பாஸ்போர்ட்டில் 'சி', 'கே' இரண்டும் இருந்தன. நமக்கு ஒரே பெயர். வெளிநாட்டில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு வெவ்வேறு மனிதர்கள். மூன்று வடிவப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்தேன். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும், எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மணிக்கணக்கு. 2020 முதல் நடைமுறையில் உள்ள ஜெர்மன் சட்டப்படி அங்கே செவிலியர் பயிற்சி என்பது 2,100 மணி நேர வகுப்பும் 2,500 மணி நேரச் செய்முறையும் சேர்ந்தது. என் மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண்கள்தாம் இருந்தன. எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தேன், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் நின்றேன் என்பது இல்லை. அதைக் கல்லூரிதான் தனியாகத் தயாரித்து, கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தர வேண்டும். படித்த கல்லூரிக்கு மூன்று முறை போனேன். முதல் முறை எழுத்தர் விடுப்பில் இருந்தார்; இரண்டாம் முறை கொடுத்த பட்டியலில் முதியோர் பராமரிப்பு என்ற தலைப்பே இல்லை. அது மருத்துவ-அறுவைச் சிகிச்சைப் பாடத்துக்குள் அடங்கும் என்றார்கள். அடங்கும்தான், ஆனால் தனியாக எழுதப்படாத மணி நேரம் அங்கே கணக்கில் வராது. மூன்றாம் முறை அதைத் தனி வரியாக எழுதி வாங்க முயன்றேன். பாடத்திட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் தர முடியும் என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் நிலையில் அது சரியாகவும் இருக்கலாம். கடைசியில் வந்த குறைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது முதியோர் பராமரிப்புத்தான்.

முந்திக்கொண்டு செய்து ஏமாந்ததும் உண்டு. காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 2023 ஜனவரியிலேயே வாங்கி வைத்துப் பெருமைப்பட்டேன். நான் விண்ணப்பித்த இடத்திலோ மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட சான்றிதழை ஏற்கவில்லை. மற்ற ஆவணங்கள் சேர்ந்து முடிந்தபோது அது காலாவதியாகியிருந்ததால் மறுபடி வாங்கினேன். பட்டமும் பதிவுச் சான்றும் கெட்டுப்போகாத பண்டங்கள். நன்னடத்தைச் சான்றும் மருத்துவத் தகுதிச் சான்றும் பால் மாதிரி. கெட்டுப்போகாதவற்றை முதலில் சேர்த்துவிட்டு, மற்றதைக் கடைசி வாரங்களில் வாங்குவதே முறை என்பதை ஒருமுறை பணம் கட்டிக் கற்றுக்கொண்டேன்.

தடுப்பூசியில் ஒரு சிக்கல் வந்தது. 1970க்குப் பிறகு பிறந்த எவரும் ஜெர்மனியில் மருத்துவமனை வேலைக்குச் சேர, தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கோ நோய் எதிர்ப்பு இருப்பதற்கோ சான்று காட்ட வேண்டும் என்று 2020 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. நான் 1994இல் பிறந்தவள். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இரண்டாவது தவணை சேர்ந்ததே 2010இல்தான். முதல் தவணைக்கான அட்டையும் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகளைப் புதிதாகப் போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட தங்கை முறைச் செவிலி, "என்னக்கா, இந்த வயசுல தட்டம்மை ஊசியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வேலை, கொலோன் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் கிடைத்தது. ஏப்ரலில் காணொளி வழியாக நேர்காணல் நடந்தது. மருத்துவ அறிவைச் சோதிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, நோயாளியைக் குளிப்பாட்டவும், உடை மாற்றவும், கழிவறைக்கு அழைத்துச் செல்லவும் நான் தயாரா என்பதைத்தான். நம் ஊரில் இதை உறவினர்களோ ஆயாக்களோ செய்கிறார்கள். அங்கே அது செவிலியரின் வேலை. அதைச் செய்யும்போதுதான் தோலின் நிலை, மூச்சு, மனநிலை எல்லாவற்றையும் கவனிக்க முடியும் என்று நேர்காணலில் இருந்த அம்மையார் விளக்கினார். முன்பே போன சிலர் இதை எதிர்பாராமல் மனம் உடைந்துபோனதைக் கேட்டிருக்கிறேன். பட்டம் பெற்றவளை உதவியாள் ஆக்கிவிட்டார்கள் என்று அவர்கள் வருந்தினார்கள். நான் அதன்பிறகு எங்கள் வார்டிலேயே ஆயா அக்காவுடன் சேர்ந்து படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டப் பழகினேன். கல்லூரி முதலாண்டில் செய்தது, கை மறந்திருந்தது.

ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாக அகராதி வைத்துப் படித்தேன். உரிமம் கிடைக்கும் வரை உதவிச் செவிலியர் சம்பளம், பிறகு முழுச் சம்பளம். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் மொழிப் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு ஒன்று இருந்தது. எவ்வளவு தொகை, எத்தனை மாதம், மாதம் செல்லச் செல்லத் தொகை குறையுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்திட்டேன். அதில் எழுதியிருந்த மாதம் 2,600 யூரோவை ரூபாயில் பெருக்கி அப்பா வியந்தபோது, வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 1,800 என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊர் போய்ச் சேர்ந்து முகவரியைப் பதியும்போது மதத்தைக் கேட்பார்கள் என்பதும், கத்தோலிக்கர் என்று எழுதினால் வருமான வரியில் 9 விழுக்காடு தேவாலய வரியாகச் சம்பளத்திலேயே பிடிபடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "காணிக்கையைச் சர்க்காரே பிடிக்குமா?" என்று அம்மா வெகுநேரம் நம்பவில்லை.

என் படிப்பை மதிப்பிடச் சொல்லி, மருத்துவமனையே 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையில் விண்ணப்பித்தது. ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்த நடைமுறையின் விதி; அந்த 'முழுமை' ஜூலை வரை எனக்கு வாய்க்கவில்லை. செப்டம்பரில்தான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடிதம் வந்தது. முதியோர் பராமரிப்பிலும் வீடு சென்று பார்க்கும் பராமரிப்பிலும் குறை; சில மாதப் பயிற்சி அல்லது ஒரு தேர்வு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நான் பயிற்சியைத் தேர்ந்தேன். நவம்பரில் சென்னையில் விசாவுக்கு விண்ணப்பித்து, 75 யூரோவுக்கு ஈடான கட்டணத்தை ரூபாயில் கட்டினேன். அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. கோப்பு சரியாக இருந்ததால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

2024 ஜனவரியில் பயணம். அசல் சான்றிதழ்களும் மொழிபெயர்ப்புகளும் உறுதிமொழிப் பத்திரமும் கைப்பையில், மற்றவை பெட்டியில். வெளிநாட்டிலிருந்து வருபவர் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை என்பதால், அம்மா உருக்கி வைத்திருந்த நெய்யையும் அத்தை கொடுத்த பால்கோவாவையும் வெளியே எடுத்தேன். கறிவேப்பிலைக் கட்டும் போயிற்று. மீனுக்கு மட்டும் ஓர் அளவுவரை தடை இல்லை என்று சொன்னதும் அம்மா எழுந்து போய், நெத்திலிக் கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் பைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியை மறுபடி எடை போட்டோம். 22 கிலோ 800 கிராம் காட்டியது. மீதி இருந்த இருநூறு கிராமுக்கு என்ன வைக்கலாம் என்று அம்மா அடுக்களைக்குள் திரும்பிப் போனார்.