ஏலக்காய்க்குப் பிறகு சாதா தூள்

"மசாலா டீத்தூளைச் சாயங்காலம் வச்சுக்கலாம் சார். வாசனை லேசுல போகாது" என்றார் மெஷின் ஓட்டும் அக்கா. "மசாலா முடிஞ்சதும் மெஷினைத் துடைச்சிட்டு 25 கிலோ சாதா தூள் ஓட்டிக் கழிச்சிடுங்க அக்கா, போதும்" என்றேன். "சரிங்க சார்" என்று திரும்பிப் போனார். அந்த "சரிங்க"வைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

250 கிராம் சாதா பாக்கெட் இருப்புக்காக ஓடுவது. எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே தெரியும். குன்னூர் ஏலத்தில் எடுத்த தூளைக் கலந்து வைத்தால் போதும். ஏலக்காய் சேர்ந்த மசாலா தூள் அப்படியல்ல. ஒரு ஓட்டலுக்காக, அவர்கள் பெயர் அச்சடித்த பிலிமில், கேட்ட அன்று போடுவது. இரண்டுக்கும் தூளைக் கலக்கும் ஒரே பிளெண்டர் டிரம், அதை மேலே ஏற்றும் ஒரே எலிவேட்டர், ஒரே பாக்கெட் மெஷின்.

வழக்கமான வரிசை, வாசனை இல்லாதது முதலில், வாசனை உள்ளது கடைசியில். அன்று அதைத் தலைகீழாக்கியது மசாலாவை ஏற்றிப் போகும் லாரி. மழைக்காலம், பர்லியாறு தாண்டி மரம் விழுந்தால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இருட்டிவிடும். அதனால் 2 மணிக்கே கிளம்ப வேண்டும் என்றார் டிரைவர். ஓட்டலின் பிலிம் ரோலோ முந்தின இரவுதான் வந்து சேர்ந்திருந்தது.

300 கிலோ மசாலா என்றால் 100 கிராமில் 3,000 பாக்கெட். நிமிடத்துக்கு 30 வீதம் 100 நிமிடம். கலக்கவும் செட்டிங் மாற்றவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் 11 மணி தாண்டும். பிறகு முழுச் சுத்தம் செய்தால் 3 மணி நேரம். டிரம்முக்குள் இருக்கும் தகடுகள், எலிவேட்டர் பக்கெட்டின் மூலைகள், மெஷினுக்குத் தூள் இறங்கும் ஹாப்பரின் கழுத்து எல்லாவற்றையும் கழற்றித் துடைக்க வேண்டும். தண்ணீர் படவே கூடாது, தூள் ஈரம் இழுத்துவிடும். அப்படிச் செய்திருந்தால் 5 மணிக்குள் சாதா தூள் 1,000 கிலோதான் ஓடியிருக்கும். மறுநாள் டீலருக்குப் போக வேண்டியதோ 1,500. அந்த 500 கிலோவுக்காகத்தான் "துடைச்சிட்டு" என்று சொன்னேன்.

வேறு வழி இருந்ததா என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மசாலாவைத் தனியாகக் கலந்து கையால் எடை போட்டு சீல் வைத்திருக்கலாம். 4 பேர் உட்கார்ந்தால் மணிக்கு 360 பாக்கெட் ஆகும். 8 மணி நேரத்துக்கு மேல். லாரி போயிருக்கும். ஆகவே முடிவு தவறில்லை என்று ஒரு நாள் தோன்றும். டீலருக்கு ஒரு போன் செய்து 500 கிலோ மறுநாள் வரும் என்று சொல்லியிருக்கலாமே என்று அடுத்த நாள் தோன்றும். அந்தப் போனை ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

ஏலக்காயில் இருப்பது எண்ணெய். மாவுபோன்ற தூசியோடு சேர்ந்து இரும்பில் அப்பிக்கொள்ளும். மேலே ஓட்டிய 25 கிலோ, பக்கெட்டின் நடுவிலிருந்ததைத்தான் இழுத்துவரும். மூலையில் இருந்ததை அடுத்த பேட்ச்தான் எடுத்தது. காலையிலிருந்து மசாலாவோடு நின்றவர்களின் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. காய்ந்த தூளிலும் தெரியாது, ஆவியில்தான் எழும். மறுநாள் காலை எடுத்து வைத்த மாதிரிகளை 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைத்துப் பார்த்தபோது, முதல் 500 கிலோ பேட்ச் பட்டென்று ஏலக்காய் மணத்தது. இரண்டாவதில் ஒருவர் இருக்கிறது என்றார், இருவர் இல்லை என்றார்கள். மூன்றாவது சுத்தம்.

பாக்கெட்டிலோ மூன்றுக்கும் ஒரே பேட்ச் எண், தேதியை வைத்துப் போட்டது. அட்டைப் பெட்டியில் பேனாவால் எழுதிய வரிசை எண்ணை நம்பித்தான் பிரித்தோம். 2,000 பாக்கெட்டை அறுத்துக் கொட்டினோம். தூளை அடுத்தடுத்த மசாலா ஆர்டருக்கு வைத்துக்கொண்டோம், பிலிம் வீண். இரண்டாவது பேட்ச் டீலருக்குப் போய்விட்டது. புகார் எதுவும் வரவில்லை.

இப்போது பேட்ச் எண்ணில் டிரம் வரிசையும் சேர்கிறது. மசாலா சனிக்கிழமை கடைசியில்தான், பிலிம் கைக்கு வராமல் தேதி தருவதில்லை. போன வாரம் வேறொரு ஓட்டல் புதன்கிழமையே வேண்டும் என்றது. அக்காவைக் கேட்டேன். "நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார். "நான் சொல்றது இருக்கட்டும் அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் ஹாப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை.