உதட்டை மடித்த சிரிப்பு

ஜனவரி 6

இன்றைய சீட்டிலும் பிக்பாக்கெட் மாதிரிதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் மேசைப் பையன் தினமும் அந்தச் சின்னக் கேமராவை என் பக்கம் திருப்பி "ஸ்மைல்!" என்கிறான். நான் நேரே பார்க்கிறேன். சர்ரென்று ஒட்டுச்சீட்டு வருகிறது. கறுப்பு வெள்ளையில் என் முகம், கீழே தேதி, மாடி எண். விசாவுக்குப் படம் எடுத்தபோது "சிரிக்கக் கூடாதும்மா, திருப்பி அனுப்பிடுவாங்க" என்று ஸ்டூடியோக்காரர் நான்கு தரம் எடுத்தார். உள்ளே விடுவதற்குச் சிரிக்காதே, விட்ட பிறகு சிரி.

சீட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இந்த நோட்டில் ஒட்டுகிறேன். இது ஒன்பதாவது.

பேத்திக் குட்டி 1,490 கிராம். பிறந்ததைவிட 70 கூடுதல்.

ஜனவரி 7

குட்டி மூச்சு விட மறந்தால் அடிக்கிற மணி, இன்று இரண்டு தடவை. உள்ளங்காலைத் தேய்த்ததும் மூச்சு விட்டாள்.

ஜனவரி 9

பத்து மணிக்குத்தான் பார்க்க விடுவார்கள். அதுவரை வீட்டில் இருக்க முடியவில்லை, ஸ்கைவேயில் நடந்தேன். வெளியே மைனஸ் 18. அமெரிக்காவில் இந்த மின்னியாபோலிஸ் ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர், தெருவில் கால் வைக்காமலே போகலாம். அரை மணியில் எதிரே வந்தவர்கள் 23 பேர். சிரித்தவர்கள் 17. தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்த புத்தி, எதையும் எண்ணாமல் விடாது.

என்ன சிரிப்பு என்று இன்றுதான் உற்றுப் பார்த்தேன். பல் தெரிவதில்லை. இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து, ஓரத்தை மட்டும் பக்கவாட்டில் இழுத்து, புருவத்தை ஒரு நூல் தூக்குகிறார்கள். ஐந்தாறு அடி இருக்கும்போது ஆரம்பிக்கிறது. தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. பாலத்துக் கண்ணாடியில் பார்த்தேன், தாண்டிய பிறகு ஒருவர் முகத்திலும் அது மிச்சமில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி.

முதல் ஆள் சிரித்ததும் என் கை தானாகப் புடவைத் தலைப்புக்குப் போனது. மேலே கோட்டு, கோட்டுக்கு மேல் மஃப்ளர், எந்தத் தலைப்பு? நம் ஊரில் தெரியாத ஆள் சிரித்தால் காரணம் மூன்றுதான். என்னைத் தெரிந்தவராக இருக்கும், ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் என் மேல் ஏதோ கோளாறு. இந்த 17 பேரை மூன்றில் எதிலும் சேர்க்க முடியவில்லை.

ஜனவரி 10

"ஹௌ ஆர் யூ டுடே?" லிஃப்டில் ஒரு அம்மாள், நீலக் கம்பளித் தொப்பி. கேட்டாளே என்று சொன்னேன். ராத்திரி தூக்கமில்லை, பேத்தி 31 வாரத்தில் பிறந்துவிட்டாள், மூக்குக் குழாயில்தான் பால் போகிறது, மகளுக்கு ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. எல்லாம் என் இங்கிலீஷில். மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடி வரைக்கும். அவள் சிரிப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது, கண் மட்டும் மாடி எண்ணைப் பார்க்கிறது. கதவு திறந்ததும் என் முழங்கையைத் தொட்டு "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றாள். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷிதான்.

என் மகள் பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, அது கேள்வியே இல்ல. 'குட், யூ?'ன்னு சொல்லிட்டு வரணும். நாம 'சாப்டாச்சா'ன்னு கேக்கறோம்ல, அதே மாதிரி."

அதே மாதிரி இல்லை. சாப்பிடவில்லை என்று சொல்லிப் பார், இலையைப் போட்டுவிடுவார்கள்.

ஜனவரி 11

குட், யூ? குட், யூ? குட், யூ? குளியலறைக் கண்ணாடி முன்னால் பத்து தரம்.

ஜனவரி 14

பொங்கல். கரண்ட் அடுப்பில் பால் பொங்கவே மாட்டேன் என்றது. பொங்கியதும் புகை அலாரம் அலறியது. மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி நின்று துண்டால் விசிறிக்கொண்டே "பொங்கலோ பொங்கல் அத்தை!" என்றார். பாப்பா சிரித்தாள். 18 நாளில் முதல் தடவை. தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டப்பாவில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப் போனேன். வார்டில் தரை துடைக்கும் சோமாலிப் பெண்ணுக்கு. வாங்கிக்கொண்டு வலது கையை நெஞ்சில் வைத்தாள்.

ஜனவரி 15

தூக்கமில்லை, அதனால் இதை எழுதுகிறேன். 33 வருஷம் கவுண்டர். தலைக்கு மேலே ஒரு போர்டு, "புன்னகையுடன் சேவை". எனக்குப் பின்னால் மாட்டியிருந்ததால் நான் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாம்பு, மணியார்டர், சேமிப்புக் கணக்கு. குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தேன். "அந்தம்மா மூஞ்சியக் காட்டும், ஆனா காசுல ஒரு பைசா பிசகாது" என்று ஊரில் பேர். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

1987-ல் ஒருத்தர் மாசா மாசம் தங்கைக்கு மணியார்டர் அனுப்ப வருவார். வரும்போதெல்லாம் சிரிப்பார். ஆறேழு மாசம் கழித்து ஒருநாள், சில்லறை சரியாகக் கொடுத்தாரே என்று நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றது யாரோ, சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது. அம்மா திட்டவில்லை. காபியை டொக்கென்று வைத்துவிட்டு, "பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

புகையிலையை விரித்தால் காரம் போகும், சரி. சிரித்தால் என்ன போகும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த மனிதரை அடுத்த மாசத்திலிருந்து பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்பினேன். அவர் முகம் மறந்துபோச்சு. தங்கை ஊர் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அறந்தாங்கி.

ஜனவரி 17

பெற்றோர் அறையில் ரஷ்யப் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். ஜன்னலோர நாற்காலி அவளுடையது, சுவரோரம் என்னுடையது. ஒரு வாரமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், இருவருமே சிரிப்பதில்லை. எவ்வளவு நிம்மதி! இந்தக் கட்டடத்தில் என் முகத்துக்கு ஓய்வு கிடைப்பது அந்த அறையில்தான்.

இன்று அவளாகவே செல்போனில் ரஷ்யனில் பேசி, மொழிபெயர்த்துக் காட்டினாள். காரணமில்லாத சிரிப்பு முட்டாளுக்கு அடையாளம் என்று அவர்கள் ஊரில் பழமொழியாம். நான் தலையாட்டினேன். என் ஃபிளாஸ்கிலிருந்து காபி கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுதும் குடித்தாள்.

அவள் பேரன் 26 வாரம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஊராக இருந்தால் இதற்குள் அவள் மருமகளின் தாய்வீடு வரை விசாரித்திருப்பேன்.

ஜனவரி 18

விடிகாலை மூன்று மணி. பாப்பா பம்ப் வைத்துப் பால் எடுத்துக்கொண்டே போனில் படித்துச் சொன்னாள். போலந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் 2016-ல் வெளியிட்டாராம். 44 பண்பாடுகளில் ஆட்களிடம் சிரிக்கிற முகம், சிரிக்காத முகம் இரண்டையும் காட்டி, யார் புத்திசாலி என்று கேட்டார்களாம். பல இடங்களில் சிரித்த முகத்துக்குத்தான் மதிப்பெண் கூடுதல். இந்தியா, ரஷ்யா, ஜப்பான், ஈரான் மாதிரி சில இடங்களில் தலைகீழ்.

இதற்கு 44 இடம் போக வேண்டுமா? இளிச்சவாயன் என்று நம்மிடம் ஒரே வார்த்தை இருக்கிறதே.

40 மில்லி வந்தது.

ஜனவரி 20

மைனஸ் 20-க்கும் கீழே. மாப்பிள்ளை மட்டும் போனார். நான் வீடியோவில் பார்த்தேன். இன்றைக்குச் சீட்டு இல்லை.

ஜனவரி 21

சிரித்தாள்!

என் மேல் புடவைத் துணி விரித்து, பாப்பாவுக்குப் பதிலாக என் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போயிற்று. பிறகு கன்னம். பிறகு ஒன்றுமில்லை. "சாமி பூ காட்டுது" என்று என் பாட்டி சொல்வாள், பூவைப் பிடுங்கிக்கொண்டால் அழுமாம். நர்ஸிடம் சொல்லத் தெரியாமல் "காட் ஷோயிங் ஃப்ளவர்" என்றேன். அவளுக்குப் பிடித்துப் போயிற்று, போர்டில் எழுதி வைத்தாள்.

ஆனால் கணக்கையும் அவள்தான் சொன்னாள். தூக்கத்தில் வருவது தானாக வருவதாம். ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதையும் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். பிப்ரவரி 28-லிருந்து. அப்படியானால் ஏப்ரல் நடுவில் ஆரம்பித்துக் கடைசிக்குள்.

என் டிக்கெட் மார்ச் 24.

ஜனவரி 22

இன்று யார் சிரித்தாலும் எரிச்சலாக வருகிறது. டாக்டர் சிரித்துக்கொண்டேதான் வந்தார், மூளை ஸ்கேன் இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத ஊர். நம் டாக்டராக இருந்தால் வாசல்படி ஏறும்போதே தெரிந்துவிடும்.

ஊரில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "ஸ்கேன்னா எடுக்கட்டுமே. அது கிடக்கட்டும், கேஸ் புக்க எங்க வச்ச?" என்றார்.

ஜனவரி 23

ஸ்கேன் சரியாக இருக்கிறது. டாக்டர் அதே சிரிப்பு.

ஜனவரி 24

இந்தியக் கடை. முருங்கைக்காய் உறைந்த பாக்கெட்டில், கறிவேப்பிலை விலை சொல்லக் கூசுகிறது. பருப்பு வரிசையில் நம் முகம் ஒன்று எதிரே வந்தது, நெற்றியில் விபூதி. உதட்டை உள்ளே மடித்து, இத்தனை நாள் பழகியதைச் செய்தேன். அந்தப் பெண் சட்டென்று துவரம்பருப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்! வெள்ளைக்காரர்களைப் பார்த்து அவளும் சிரிப்பாள், எனக்குத் தெரியும். நம்மவர் என்றால்தான் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பில் போடும் இடத்தில் விடவில்லை. "தமிழா?" என்று கேட்டுவிட்டேன். "ஆமா ஆன்ட்டி." எந்த ஊர்? தஞ்சாவூர்ப் பக்கம். பக்கம்னா? பாபநாசம். அட, யார் வீடு? கால் மணி நேரம். அவள் மாமனார் எங்கள் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர்! போகும்போது சிரித்தாள், பல் தெரிய.

சிரிக்காமல் ஆரம்பித்ததால்தான் அது நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மாப்பிள்ளை வேறு மாதிரி சொல்கிறார். பக்கத்து மாநிலம் விஸ்கான்சினில் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்களாம். பல தேசத்து ஜனங்கள் வந்து கலந்த நாட்டில் ஒருத்தருக்கு ஒருத்தர் பாஷை புரியாது, அதனால் முகத்தைக் காட்டித்தான் "நான் கெட்டவன் இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பழக்கம் தங்கிவிட்டது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏன் ஒருத்தரும் சிரிப்பதில்லை? அங்கே இல்லாத பாஷையா?

இந்த மாநிலத்துக்கு என்று தனியாகவே ஒன்று உண்டாம், "மின்னசோட்டா நைஸ்". யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், பனியில் மாட்டிய வண்டியை இறங்கித் தள்ளுவார்கள், வீட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள். அவர் இங்கே ஒன்பது வருஷம் இருக்கிறார், ஆபீஸ் நண்பர்கள் வீடு இரண்டுதான் பார்த்திருக்கிறாராம். வண்டி நம்பர் பலகையில் 10,000 ஏரிகள் என்று போட்டிருக்கிறது, உண்மையில் 11,842. இருப்பதைக் குறைத்துச் சொல்கிற ஜனங்கள், அத்தை, என்றார்.

ஜனவரி 26

ஐந்து நாள் தொடர்ந்து மணி அடிக்காமல் இருந்தால் வீட்டுக்கு. இன்று முதல் நாள்.

ஜனவரி 27

இரண்டு.

ஜனவரி 28

அடித்தது. பால் குடிக்கும்போது. பூஜ்யத்திலிருந்து.

ஜன்னலோர நாற்காலி காலி.

ஜனவரி 29

முதல் நாள். நாற்காலி இன்றும் காலி. யாரைக் கேட்பது? கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், அதற்குச் சட்டம் இருக்கிறதாம்.

தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சோமாலிப் பெண் வாளியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிரித்தாள். நீ எல்லாரையும் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேவிட்டேன், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது. கோபப்படவில்லை. "சதகா" என்றாள், தர்மம் என்று அர்த்தம். விளக்கப் போனாள், வேண்டாம், தெரியும் என்று கை காட்டினேன். எங்கள் தெருக்கோடி ராவுத்தர் வீட்டு அம்மா இதையேதான் சொல்வார்கள். "சிரிச்ச மொகத்தக் காட்டுறதும் சதக்காதாம்மா, காசா பணமா?" கவுண்டருக்கு வந்தால் எனக்காகவே ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

அவர்கள் போய் நான்கு வருஷம்.

ஜனவரி 31

மூன்று. 2,180 கிராம்.

6-ஆம் தேதி சீட்டு கறுத்துவிட்டது. நோட்டை ஹீட்டர் மேல் வைத்தது என் தப்பு. சூடுபட்டால் இந்தக் காகிதம் கறுக்கும் என்று தெரியாதவளா நான்? ஒன்றிலிருந்து பதினான்கு வரை முகமே இல்லை, நெற்றிப் பொட்டு இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 1

நான்கு. கார் சீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து ஒயரெல்லாம் மாட்டிச் சோதித்தார்கள். மூச்சு ஒரே சீர். பெல்ட்டுக்குள் குட்டி ஒரு பொட்டலம் மாதிரி இருந்தாள், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம்.

திரும்பும்போது வாசலில் ரஷ்யப் பாட்டி! கையில் பலூன், பின்னால் மகன், அவர் கையில் பை. அவள் பேரன் குழாய் இல்லாமல் மூச்சு விடுகிறானாம், வேறு அறைக்கு மாற்றிவிட்டார்களாம், அதுதான் நாற்காலி காலி. சிரித்தாள். மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல். நானும் சிரித்தேன் போல, மேசைப் பையன் எட்டிப் பார்த்து "தேர் இட் இஸ்!" என்று கத்தினான். கேமராவைத் திருப்புவதற்குள் போய்விட்டது.

வீட்டுக்காரரிடம் டிக்கெட் தேதியைப் பற்றிப் பேசினேன். மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஏப்ரல் கடைசி என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "கேஸ் புக்கு கெடச்சிருச்சு" என்றார்.

பிப்ரவரி 2

ஐந்து. இதுவரை அடிக்கவில்லை. மணி பதினொன்றரை. மாப்பிள்ளை கீழே வண்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறார், பாப்பா மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டாள். மீதி ராத்திரி.