அறுபது கிலோ அரிசி வெந்த அடுக்களை

போன ஞாயிறு ஜப்பானின் நீகாட்டாவில், பெரும் நிலக்காரர்களாக இருந்த இட்டோ குடும்பத்தின் பழைய மாளிகைக்குப் போயிருந்தேன். 65 அறைகள். எல்லாரும் தோட்டம் தெரியும் பெரிய கூடத்தில் நின்று படம் எடுத்தார்கள். எனக்கோ அடுக்களையை விட்டு நகரவே மனம் வரவில்லை. தினமும் காலையில் 60 கிலோ அரிசி வெந்த இடம் அது. குடும்பத்துக்கு 1,300 ஹெக்டேருக்கும் மேல் நிலம். விளைந்ததில் ஏறக்குறைய பாதி குத்தகையாகவே போய்விட்ட காலம்.

1946-லேயே குடும்பத்தார் வீட்டை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். நிலம் பின்னாலேயே போனது. ஜப்பான் அரசு முதலில் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் போதாது என்று, போருக்குப் பின் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாட்டுப் படைகளின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் தலைமையகம் சொல்லிவிட, அந்த அக்டோபரில் கடுமையான சட்டம் வந்தது. வெளியூரில் இருக்கும் நிலக்காரரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசே வாங்கி, உழுதவருக்கு விற்றது. உள்ளூர்க்காரர் குத்தகைக்கு விட்டுக்கொள்ள மிஞ்சியது ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். வடக்குத் தீவான ஹொக்கைடோவில் மட்டும் நான்கு. விலையை 1945 கணக்கிலேயே நிறுத்திவிட்டார்கள். விலைவாசி ஏற ஏற, நிலத்துக்கு விலையாக நிலக்காரர் கைக்கு வந்த அரசுக் கடன் பத்திரம் வெறும் காகிதமாயிற்று. சிலர் வழக்குப் போட்டார்கள். 1953-ல் உச்ச நீதிமன்றம் அந்த விலையே நியாயம் என்றது. இழந்தவர்களுக்கு அது பெரிய அடிதான், மறுக்க மாட்டேன்.

ஆனால் இதை 'மெக்கார்தர் கொடுத்த நிலம்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இதே நீகாட்டாவில், கிஸாகி கிராமத்துக் குத்தகை விவசாயிகள் 1920-களிலேயே குத்தகையைக் குறைக்கச் சொல்லிப் போராடினார்கள். வயலில் இறங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வந்தது, போலீஸ் வந்தது. 1926-ல் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, தங்களுக்கென்று தனியாக ஒரு பள்ளி தொடங்கினார்கள்.

அப்புறம், சட்டம் மேலிருந்து வந்தாலும் எந்த வயல் யாருக்கு என்று பேசி முடித்தது ஊர்க்குழு. தேர்தலில் வந்த குழு: குத்தகைதாரர் 5 பேர், நிலக்காரர் 3 பேர், சொந்த நிலத்தில் உழுபவர் 2 பேர். பத்தில் ஐந்து! நேற்றுவரை குத்தகை நெல்லோடு வாசலில் நின்றவர், இன்று நிலக்காரருக்குச் சமமாக உட்கார்ந்து வரப்பு வரப்பாகக் கணக்குப் பேசுகிறார். சட்டத்தின் மற்ற எல்லாப் பிரிவையும்விட எனக்கு இந்த 5-3-2 தான் பெரிது.

போர் முடிந்தபோது நாட்டின் விளைநிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்த குத்தகை நிலம், 1950 வாக்கில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. கிஸாகியில் பள்ளியை விட்டு நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.