ஒட்டுத்தோல் வழுக்காமல் இருக்க

உடம்பில் ஓரிடத்தில் எடுத்த தோலைப் புண்ணில் ஒட்டினால் தையல்தான் அதைப் பிடித்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தையல் பிடிப்பது ஓரத்தை மட்டும். நடுப்பகுதி புண்ணோடு படிந்து அசையாமல் கிடப்பது கட்டின் வேலை.

தொடையில் மெல்லியதாகச் சீவி எடுத்த தோலுக்கு முதல் 2 நாள் இரத்த ஓட்டமே கிடையாது. அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடிருக்கும். 2ஆம், 3ஆம் நாளில் நுண்குழாய்கள் இணையத் தொடங்கும். 5ஆம் நாளளவில்தான் பிடிப்பு வரும். இதற்குள் அடியில் இரத்தம் உறைந்து நின்றாலோ தோல் நகர்ந்தாலோ அந்த இடம் கறுத்துவிடும்.

அடுப்பிலோ குப்பிலாம்பிலோ சுட்ட கை, அக்குள் மாதிரிப் பள்ளமான இடங்களுக்கு ஒப்பரேஷன் தியேட்டரில் 'டை-ஓவர்' என்று சொல்லும் கட்டுத்தான் என் தெரிவு. 3-0 அல்லது 4-0 தடிப்புள்ள சில்க் நூலால் ஓரத்தைத் தைத்து, ஒவ்வொரு தையலிலும் ஒரு நுனியை நீளமாக, 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் விடவேண்டும். தோலுக்கடியில் சேலைன் பாய்ச்சி உறைந்த இரத்தத்தைக் கழுவி, ஈரக் கோஸை உருட்டி மிச்சத்தை வெளியே தள்ள வேண்டும். மேலே பரபின் மெழுகு தோய்த்த வலைத்துணியான பரபின் கோஸ், சுருக்கமில்லாமல் ஒரே ஒரு படை. பிறகு சேலைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பள்ளத்தை நிரப்பி, எதிரெதிர் நூல்களை முடிய வேண்டும். முதல் முடிச்சை இன்னொருவர் போசெப்ஸால் (இடுக்கியால்) பிடிக்காவிட்டால் அது இளகிவிடும்.

இறுக்கம் எவ்வளவு? பஞ்சு நகராத அளவு, அவ்வளவுதான். சுற்றியுள்ள தோல் வெளிறினால் கூடிவிட்டது. இரத்தம் நிற்காத புண்ணை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம் என்பது பேராசை. இரத்தத்தை முதலில் நிறுத்திவிட்டுத்தான் தோலை வைக்கவேண்டும்.

மூட்டுக்குக் கிட்ட என்றால் மூட்டு அசையாமல் பிடிக்கும் மாப்பட்டையான பிளாஸ்டர் ஸ்லாப் கட்டாயம். பெரிய பரப்புக்கு ஸ்பொஞ்சை ஸ்டேப்ளர் ஊசியால் பிடிக்கலாம். வெக்கியூம் மெஷின் இருந்தால் வழக்கமாக 125 மில்லிமீற்றர் மேர்க்குரி உறிஞ்சல், ஸ்பொஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் ஒட்டாத படையோடு.

மலைநாட்டில் காலில் ஒட்டிய தோல்தான் அதிகம் சிக்கல் தரும். கண்டியிலோ பதுளையிலோ ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும், காலைத் தொங்கப்போட்டபடி வளைவு வளைவாக மணிக்கணக்கில் பஸ் பயணம். இறங்கினால் லயத்துக்குப் படிக்கட்டு. தொங்கும் காலில் இரத்தம் தேங்கி, புதுத் தோலுக்கடியில் நீர் கோக்கும். காலை இறக்குமுன் விரலடியிலிருந்து முழங்கால்வரை கிறேப் பேண்டேஜ் சுற்றவேண்டும். முதல் நாள் 5 நிமிடம் இறக்கினால் போதும். மழையில் நனைந்தால் வெளிக்கட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே கை வைக்கக் கூடாது.

கட்டைப் பிரிப்பது சாதாரணமாக 5ஆம் நாள். நாற்றம், காய்ச்சல், கூடிவரும் வலி இருந்தால் அன்றே. சேலைனில் ஊறவைத்து, நூலை வெட்டி, தோலின் ஓரத்தை விரலால் அமுக்கிக்கொண்டு பரபின் கோஸை படுக்கைவாட்டில் உரிக்கவேண்டும். இளஞ்சிவப்பு நல்லது. ஊதா நிறம் கண்டு உடனே வெட்டி எறியவேண்டாம். அதில் ஒரு பகுதி பிழைக்கலாம்.

தோல் எடுத்த தொடைதான் ஒட்டிய இடத்தைவிட வலிக்கும். அந்தக் கட்டை 10 முதல் 14 நாள் தொடாமல் விட்டு, தானாகக் கிளம்பும் ஓரத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவர வேண்டும்.