யானை டப்பாவும் கடைவீதிப் பொட்டலமும்

இலங்கையின் நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும்போதே என் பையில் ஒரு தேயிலை டப்பா இருந்தது. முந்தின நாள் கண்டியில் வாங்கியது. மூடியில் யானை, சுற்றிலும் தங்க எழுத்து. நுவரெலியா விடுதியில் அன்றிரவே வெந்நீர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நிறம் வந்தது, வாசம் வரவில்லை. டப்பாவைக் கவிழ்த்துத் தேதியைப் பார்த்தால், அடைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. யானைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

அது 2023 பிப்ரவரி. இலங்கை மலையின் மேற்குப் பக்கத்துக்கு அதுதான் நல்ல பருவம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட குளிர்காற்று அடிக்கும், கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். கிழக்கே ஊவா பக்கம் இதே சங்கதி ஜூலை முதல் செப்டம்பர் வரை. இப்படியொரு பருவத்தில் மலையேறி வந்துவிட்டு, பழைய சரக்கைச் சுமந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு தொழிற்சாலைக்குள் விட்டார்கள். வாட்டும் தொட்டி, உருட்டும் இயந்திரம், காய வைக்கும் அடுப்பு எல்லாவற்றையும் வேகமாகக் கடந்தோம். நான் நின்றுவிட்டது சல்லடைப் பகுதியில். அதிர்கிற தட்டுகளிலிருந்து ஒரே தேயிலை நான்கைந்து வாயில் தனித்தனியாகக் கொட்டுகிறது. நீளமாகச் சுருண்டு விழுவது ஓபி, அதாவது ஆரஞ்சு பெக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உடைந்தது பிஓபி, அதைவிடப் பொடி பிஓபிஎஃப், கடைசியில் டஸ்ட். கடைகளில் பட்டம் மாதிரி சொல்லப்படுகிற இந்த எழுத்துகள், அடிப்படையில் சல்லடைக் கண்ணின் அளவுதான். அதே தோட்டம், அதே நாள், அதே கொழுந்து. முழு இலை அழகாக இருக்கும், மெதுவாக இறங்கும்; உடைந்தது சீக்கிரம் இறங்கும், அழுத்தமாக இருக்கும். மொட்டை மட்டும் கிள்ளிக் காய வைக்கிற வெள்ளிநிற ‘சில்வர் டிப்ஸ்’ தனி ஜாதி. அதன் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்தேன்.

வாசலில் இருந்த விற்பனை மேசையில் மரப்பெட்டி, தகர டப்பா, சாதாரணக் காகிதப் பை என்று மூன்று உருவில் வைத்திருந்தார்கள். “மூணுக்குள்ளயும் ஒரே பிஓபியா?” என்று கேட்டேன். அந்தத் தம்பி சிரித்துவிட்டு, “ஒண்ணுதாங்க ஐயா, பெட்டிக்குத்தான் காசு” என்றார். மூன்றிலும் வாளேந்திய சிங்க முத்திரை இருந்தது. உள்ளே இருப்பது கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்பதற்கு அது அடையாளம். எப்போது பறித்தது என்று சிங்கம் சொல்லாது. தேதியை நாம்தான் பார்க்க வேண்டும்.

காகிதப் பையோடு கிளம்பியவனைத் த்ரீவீல்காரர் விடவில்லை. “அண்ணே, குடிக்கிற ஆளுக வாங்குற எடத்தைக் காட்டுறேன் வாங்க” என்று தலவாக்கலைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனார். பருப்புக்கும் மிளகாய்க்கும் எட்ட, தனி மூலையில் தேயிலைச் சாக்குகள். அப்படிப் பிரித்து வைத்ததைப் பார்த்ததுமே கடைக்காரர்மேல் நம்பிக்கை வந்தது, ஏனென்றால் தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்தார். ஊதிவிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். மூச்சின் சூட்டில் வாசம் எழுந்தது. செந்நிறக் காம்பும் நாரும் அதிகம் கிடந்தால் வேண்டாம் என்றும், விரலில் நசுக்கினால் மொறுமொறுவென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் குடித்திருக்கிறது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

நான் ஓபியையே அள்ளிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ பறிக்க வேண்டுமாம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகும் என்று காலையில்தான் கேட்டிருந்தேன். இவருடைய ஒரு நாள் முதுகுவலி என் பைக்குள் அடங்கிவிடும். அவர் வாங்க வந்ததோ தூள்.

“அது வேணாம் தம்பி, தண்ணியா இருக்கும். சாயம் ஏறாது” என்றார்.

பாலில்லாமல் குடிக்கிறவன் என்று விளக்கப் பார்த்தேன். அவர் அதை ஒரு நோய் மாதிரி கேட்டுக்கொண்டார். அவர் பேச்சுக்காகக் கால் கிலோ பிஓபியும் கட்டச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தே யானை டப்பாவின் விலையில் பாதி வரவில்லை.

ஊருக்கு வந்து காற்றுப் புகாத டின்னில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்தேன். பிஓபி ஏப்ரலுக்குள் தீர்ந்துவிட்டது. ஓபி பாதி மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெருமையாகப் போட்டுக் கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன, தண்ணியா இருக்கு?” என்கிறார்கள்.